நீலப்பயலின் கடிபட்ட கால்

பொம்மை சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு புத்தி உண்டு. கையில் இருப்பதைவிடக் கொஞ்சம் நல்லதாக ஒன்று கிடைத்துவிட்டால், கையில் இருப்பதை அன்றைக்கே தள்ளிவிடுவார்கள். பெயிண்ட் உதிராதது, மூட்டு தளராதது, வெயிலில் நிறம் மாறாதது என்று ஒவ்வொரு பொம்மையையும் ஒரு படி ஏற்றிக்கொண்டே போவார்கள். இதையே மனிதர்களிடம் செய்தால் ஊரே காறித் துப்பும். பொம்மைகளிடம் செய்தால் அதற்கு ரசனை என்று பெயர்.

அந்தப் புத்திதான் பல்செட்டைக் குப்புறத் தள்ளியது.

பல்செட் என்பது மற்ற பொம்மைக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் அவனுக்கு வேலை. மெழுகில் பல் அடுக்கி, அச்சு வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, அடுத்தவர் வாயை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன். வயது நாற்பத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "இத்தனை பொம்மைக்கு நடுவுல பொண்டாட்டிய எங்கடா நிக்க வைப்பே?" என்று அக்கா பல வருஷம் கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அவன் அறைக்குள் சூரியன் நுழைந்ததே இல்லை. வெயில் பட்டால் பிளாஸ்டிக் மஞ்சளாகும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தான். மூன்று சுவரிலும் கண்ணாடி அலமாரி, மூலைக்கு மூலை ஈரம் உறிஞ்சும் குட்டிப் பொட்டலங்கள். உள்ளே இருந்த அத்தனை பொம்மைகளும் ஒரே கார்ட்டூனைச் சேர்ந்தவை. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டிவியில் வந்த 'கோபுரக் காவலர்'. இடிந்த கோபுரம் ஒன்றை ஏழு பேர் காவல் காப்பார்கள். உள்ளே அப்படி என்ன இருக்கிறது என்று சொல்வதற்குள் தொடரையே நிறுத்திவிட்டார்கள். அந்த ஏழு பேராவது வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இவன் மட்டும் இன்னும் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

ஏழு பேரில் முதல் ஆள் கொம்பன். நீல உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கொம்பு வைத்த தலைக்கவசம். பல்செட்டிடம் மூன்று கொம்பன்கள் இருந்தன. ஒன்று பெட்டி பிரிக்காதது. அட்டையும் அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியும் கடையில் தொங்கியபடியே இருக்கும். அதைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள்வான். இன்னொன்று பிரித்தது, ஆனால் கீறல் இல்லாதது. மூன்றாவது அவனுடைய சொந்தக் கொம்பன், அம்மா வாங்கிக் கொடுத்தது. அதன் வலது காலைப் பால்பற்கள் இருந்த வயதிலேயே மென்று மென்று ஒரு வழி பண்ணியிருந்தான். விரல்களே இல்லை, பல் தடங்கள்தான் இருந்தன.

மூன்றாவது கொம்பன் அலமாரியில் நிற்கவில்லை. பக்கத்து அறையில், அம்மாவின் கையில் இருந்தது.

அம்மாவுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வந்தது. முதலில் வீட்டுக்கு வரும் வழி மறந்தது. பிறகு அடுப்பை அணைக்க மறந்தது. பிறகு மகளை மறந்தாள். மகன் மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தான். ஒரு காலையில் அவன் காபி கொண்டுபோனபோது, போர்வையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார், உக்காருங்க. பையன் வெளிய போயிருக்கான், இப்ப வந்துடுவான்" என்றாள். அன்றைக்கு லேபில் அவன் ஒரு பல்லைக்கூட நேராக அடுக்கவில்லை.

சாப்பாடும் அதே வழியில் போகப் பார்த்தது. கரண்டியை வாய்க்கு அருகே கொண்டுபோனால் அது எதற்கு என்பதுபோலப் பார்ப்பாள். கெஞ்சியும் ஆகவில்லை, மிரட்டியும் ஆகவில்லை. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். சின்ன வயதில் தம்பி சாப்பிட அடம்பிடிக்கும்போது அம்மா என்ன செய்வாள் என்று அவளுக்கு நினைவு இருந்தது. "நீலப்பயலுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்" என்று முதல் கரண்டியைக் கொம்பனிடம் காட்டிவிட்டு, அடுத்த கரண்டியைத் தம்பியின் வாயில் திணிப்பாள். அதை அக்கா அப்படியே திருப்பிச் செய்தாள். கடிபட்ட கொம்பனை அம்மாவின் கையில் கொடுத்து, முதல் கரண்டியை அதனிடம் காட்டினாள். அடுத்த கரண்டிக்கு அம்மா தானாக வாயைத் திறந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் கட்டைவிரல் அந்த மென்ற காலைத் தடவிக்கொண்டே இருந்தது. அன்று முதல் மூன்று வேளையும் அதே வைத்தியம்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் பல்செட் பள்ளத்தில் இறக்கினான்.

பொம்மைக்காரர்கள் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கூடுவார்கள். விற்பனை குறைவு, பண்டமாற்றுதான் அதிகம். அங்கே கத்திரி என்று ஒருவன் உண்டு. பழைய பொம்மைகளை வெட்டி, ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்பில் பொருத்திப் புதுப் பொம்மை செய்கிறவன். அவன் அன்றைக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஏழாவது காவலனின் கேடயம். பல்செட் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டான். கேடயம் இல்லாமல் அவனுடைய ஏழாவது காவலன் இருபது வருஷமாக வெறுங்கையை நீட்டிக்கொண்டு, சில்லறை கேட்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"கொம்பன் ஒண்ணு குடு, எடுத்துக்கோ" என்றான் கத்திரி. "முதல் அச்சுல வந்ததா இருக்கணும். எனக்குத் தலைக்கவசம் மட்டும்தான் வேணும். உடம்பு எப்படி இருந்தாலும் கவலையில்ல."

"ஒண்ணு இருக்கு. ஆனா கால் கடிச்சிருக்கும்."

"நாய் கடிச்சதா இருந்தாலும் பரவால்ல."

"நாய் இல்ல, நான்தான்."

மாடியே சிரித்தது. பல்செட்டும் சிரித்தான்.

அலமாரியில் இருந்த நல்ல கொம்பனைக் கொடுத்திருக்கலாம். ஆனால் நல்லதைக் கொடுத்துவிட்டு மட்டமானதை வைத்துக்கொள்வது எந்தப் பொம்மைக்காரனுக்கும் உடம்பில் ஒட்டாது. மட்டமானதைத் தள்ளிவிட்டு, நல்லதை அம்மாவிடம் கொடுத்தால் என்ன? அவளுக்கும் ஒரு படி ஏற்றம்தானே? இப்படித்தான் அவன் புத்தி போனது. இன்னொரு பேச்சும் உள்ளுக்குள் ஓடியது, அதை அவன் பிறகு நினைத்து நினைத்து நொந்துகொண்டான். பெற்ற பிள்ளையையே சார் என்று கூப்பிடுகிறவளுக்குப் பொம்மையின் காலா தெரியப்போகிறது?

அம்மா தூங்கும்போது அதை எடுத்துக்கொண்டு, அலமாரிக் கொம்பனை அங்கே வைத்தான். பொம்மைக்காரர்களிடம் ஒரு நாணயம் உண்டு, குறையை மறைத்துக் கொடுக்கக் கூடாது. அதனால் கடிபட்ட காலை மேலும் கீழுமாக, பக்கத்துக்குப் பக்கம் போனில் படம் எடுத்துக் கத்திரிக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் பொம்மையைக் கொடுத்துக் கேடயத்தை வாங்கிக்கொண்டான். கத்திரியிடம் காட்டிய அந்த நாணயத்தில் கால்வாசியை வீட்டில் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை அக்கா கஞ்சியோடு உட்கார்ந்தாள். அம்மாவின் கையில் புதுக் கொம்பன். கட்டைவிரல் வழக்கமான இடத்துக்குப் போனது. அங்கே ஐந்து விரலும் பத்திரமாக இருந்தன. திரும்பத் தடவினாள். இன்னொரு காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கொம்பனைக் கட்டில் ஓரத்தில் மெதுவாக நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற மகனைப் பார்த்து, "இது வேற வீட்டுப் பிள்ளையோடது சார். தேடிட்டு இருக்கப்போறான், குடுத்துடுங்க" என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வேளையும் மூடியே இருந்தது. மறுநாள் அக்கா விடாமல் கொம்பனை அவள் கையில் திணித்தபோது வீசி எறிந்தாள். பழைய பிளாஸ்டிக், சுவரில் பட்டுக் கொம்பு முறிந்தது. தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தால் கொஞ்சம் இறங்கியது. கஞ்சி இறங்கவில்லை. கன்ன எலும்பு எடுத்துக் காட்டியது.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் பெண்மணி இதமாகத்தான் பேசினாள். "இந்த வியாதியில இது வர்றதுதான். வாரக் கடைசிவரைக்கும் பாருங்க. அதுக்கு மேலயும் சாப்பிடலேன்னா அட்மிட் பண்ணி, மூக்கு வழியா குழாய் போட்டுடலாம். என்ன, பிடுங்கிப் போட்டுடுவாங்க. கையைக் கட்டி வைக்க வேண்டியிருக்கும்."

"கட்டியா?" என்றாள் அக்கா.

"மெத்துன்னு துணிதான்மா. வலிக்காது."

அக்கா சமையலறைக்குப் போய் அழுதாள். பொம்மையின் காலை உற்றுப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை, வியாதி முற்றிவிட்டது என்று நினைத்து அழுதாள். பல்செட்டுக்கு மட்டும் தெரியும், முற்றியது வியாதி இல்லை என்று. சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று கேடயத்தைப் பையில் போட்டுக்கொண்டு கத்திரியின் வீட்டுக்கு ஓடினான்.

கத்திரி வேலை செய்யும் மேஜையில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் காலி தயிர் டப்பாக்கள். ஒன்றில் கைகள், ஒன்றில் தலைகள், ஒன்றில் இடுப்புகள். கொம்பனின் தலைக்கவசம் ஏற்கனவே ஒரு சிறகு முளைத்த பூதத்தின் தலையில் ஏறி, தங்க நிறத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"உடம்பு எங்க?" என்றான் பல்செட்.

"இதோ." கத்திரி கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு முண்டத்தை எடுத்துக் காட்டினான். அதில் கால்கள் வேறு. முட்டி பெருத்த, பச்சை நிறக் கால்கள்.

"கால்? அந்தக் கால் எங்க?"

"அறுத்துக் குப்பைல போட்டுட்டேன். கடிச்ச காலை வச்சு என்ன பண்றது?"

பல்செட் தரையில் குனிந்தான். மேஜைக்குக் கீழே இருந்த கூடையைக் கவிழ்த்தான். பிளாஸ்டிக் துருவலும் உப்புத்தாளும் ஆரஞ்சுத் தோலும் தரையெங்கும் சிதறின. மண்டியிட்டு இரண்டு கையாலும் அளைந்தான்.

"டேய், குப்பை வண்டி நேத்தே வந்துட்டுப் போயிடுச்சுடா. இது இன்னிக்குக் குப்பை" என்றான் கத்திரி. "உனக்கென்ன பைத்தியமா?"

"எங்கம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க."

கத்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நாற்பத்தைந்து வயது ஆள் ஆரஞ்சுத் தோலுக்கு நடுவில் அழுவதைப் பார்த்தபிறகு, அவனும் தரையில் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து தேடினான். இல்லாத காலை இருவரும் வெகுநேரம் தேடினார்கள். கிளம்பும்போது கத்திரி கேடயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டான். அது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். கடைசியில் கையை நீட்டி, "அதைக் காட்டு" என்றாள். கேடயத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த நகத்துணுக்குக்காகவா அம்மா வாயைக் கட்டினே?"

"தெரியாமப் பண்ணிட்டேன்க்கா."

"தெரியாமயா? அவங்க தூங்கும்போது எடுத்திருக்கே. தெரியாமப் பண்றவன் முழிச்சிருக்கும்போதே எடுப்பான்." கேடயத்தை அவன் மடியில் போட்டாள். "என்னை மறந்துட்டாங்க, உன்னை மறந்துட்டாங்க. அது ஒண்ணுதான் அவங்களுக்கு ஒட்டிட்டு இருந்துச்சு. அதையும் பிடுங்கிட்டியேடா."

அவன் தலை நிமிரவில்லை. கேட்டதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. எழுந்து தன் அறைக்குப் போனான். பெட்டி பிரிக்காத கொம்பனை எடுத்தான். கையுறை போட மறந்துவிட்டான். அட்டையிலிருந்து மூடியை ஒரே இழுப்பில் கிழித்தான். இருபது வருஷமாக யாரையும் மூச்சுவிட விடாமல் காத்த பெட்டி, ஒரு பிஸ்கட் பாக்கெட் மாதிரி பிரிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை லேபில் யாரும் இல்லை. சாவி அவனிடம் இருந்தது. போனில் இருந்த படங்களைப் பெரிதாக்கி எதிரே வைத்துக்கொண்டான். ஒரு கடித்தடத்தைப் பார்த்தால் அது எந்தப் பல், எந்தக் கோணம் என்று சொல்வது அவன் தொழில். ஆனால் தன் பால்பல் பருவத்து வாயைத் தானே திரும்பச் செய்யப்போகிறோம் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. மேல் முன்பல் இரண்டில் ஒன்று விழுந்திருந்தது, அந்த இடைவெளி காலின் பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பற்கள் கொஞ்சம் கோணல். குழந்தைகள் பல் டாக்டர் ஒருவருக்காகச் செய்த சின்னத் தாடை அச்சு ஒன்று அலமாரியில் இருந்தது. அதை வைத்து மெழுகில் வரிசை அடுக்கி, ஒரு பல்லை எடுத்து, கீழ்வரிசையைக் கோணலாக்கி, கெட்டி அக்ரிலிக்கில் வார்த்தான். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பொருத்தி வாய் மாதிரித் திறந்து மூடும் கருவியில் ஏற்றினான். மேஜைமேல் ஆறு வயதுப் பிள்ளையின் வாய் ஒன்று அவனைப் பார்த்துத் திறந்தபடி இருந்தது. அவனே அதன் முகத்தில் விழிக்கப் பயந்தான்.

வெந்நீரில் கொம்பனின் காலை முக்கி, இளகியதும் அந்த வாய்க்குள் வைத்து அழுத்தினான். படத்தைப் பார்த்தான். திருப்பி வைத்து மறுபடி அழுத்தினான். மதியம் தாண்டி, ஒவ்வொரு தடமும் படத்தில் இருந்த இடத்திலேயே விழுந்திருந்தது. அவன் செய்த வேலைகளிலேயே இதுதான் சுத்தமான வேலை. எந்தப் பொம்மைக்காரன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஏமாந்திருப்பான்.

அம்மா பொம்மைக்காரி இல்லை.

அவன் கொம்பனை அவள் கையில் வைத்தபோது அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். கட்டைவிரல் காலுக்குப் போனது. தடவியது. நின்றது. மறுபடி தடவியது.  அம்மாவின் முகத்தில் ஏதோ அசைந்தது. பிறகு விரலை எடுத்து, முள் குத்தியதுபோல உதறினாள்.

"கூரா இருக்கு சார்" என்று கொம்பனை நீட்டினாள். "இதுவும் அவனோடது இல்ல."

உண்மைதான். தடங்கள் சரியாக இருந்தன, ஆனால் நேற்றுப் பிறந்த தடங்கள். ஓரமெல்லாம் கூர். அசல் காலோ மாதக்கணக்கில் எச்சிலில் ஊறி, நாக்கில் புரண்டு மழுங்கியது. பல்லைச் செய்துவிட்டான், எச்சிலை மறந்துவிட்டான். லேபுக்குப் போய்த் தேய்த்துக் கொண்டுவரலாம் என்றால் அதற்குள் அம்மா அசந்துவிடுவாள். நாளைக் காலையில் ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியாகிவிட்டது.

"குடுங்க" என்று வாங்கினான். கட்டிலுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்து, கொம்பனின் காலை வாயில் வைத்துக் கடைவாயால் மெல்ல ஆரம்பித்தான். அந்தக் கூர்மையை மழுக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் ஈறில் குத்தியது. எச்சில் ஒழுகியது. கண்ணிலிருந்தும் வழிந்தது. துடைக்கக்கூட நேரம் எடுக்காமல் வெறிபிடித்தவன்போல மென்றான். அக்கா, "டேய், விடுடா... போதும்டா" என்றாள். அவன் காதில் விழவில்லை.

முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு? கண்டதை வாயில வைக்காதேன்னு!"

அவன் திரும்பிப் பார்த்தான். அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கோபம் இருந்தது. எந்த சாரையும் பார்த்து அவள் அப்படிக் கோபப்பட்டதில்லை.

"துப்பு! துப்புடா அதை. பசிச்சா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே? பிளாஸ்டிக்கத் தின்னா வயிறு நிறையுமா?" என்று அவன் வாயிலிருந்து கொம்பனைப் பிடுங்கினாள். அக்காவிடம் கையை நீட்டி, "இங்க குடும்மா கிண்ணத்தை" என்றாள். "நீலப்பயலுக்கு ஒரு வாய்" என்று கொம்பனிடம் கரண்டியைக் காட்டினாள். "உனக்கு ஒரு வாய். ஆ காட்டு."

அவன் ஆ காட்டினான். கஞ்சி வாய்க்குள் போனது.  அடுத்த வாய். அதற்கடுத்த வாய். அவள் கை நடுங்கி அவன் மோவாயில் கொஞ்சம் சிந்தினாள், விரலால் வழித்து மறுபடி அவன் வாயிலேயே வைத்தாள். சந்தோஷத்தில் அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நல்ல பிள்ளையாகக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டான். கரண்டி கிண்ணத்தின் அடியைச் சுரண்டிய சத்தம் கேட்டபிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"டேய், அவங்க ஒரு வாய்கூடச் சாப்பிடலடா" என்றாள்.

அக்கா ஓடிப்போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். "அம்மா, நீங்களும் சாப்பிடுங்கம்மா" என்று அவன் கரண்டியை நீட்டினான். அவள் சிரித்துக்கொண்டே அவன் கையைத் தள்ளினாள். "நீ சாப்பிட்டா எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரிடா."

எல்லா வீட்டிலும் எல்லா அம்மாக்களும் சொல்கிற பொய் இது. சொல்லிவிட்டு சமையலறையில் போய்ச் சாப்பிட்டுக்கொள்வார்கள். இவளோ அதை உண்மையாகவே நம்பினாள். திருப்தியாக ஓர் ஏப்பம் விட்டு, கொம்பனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, காலி வயிற்றோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள். அக்காவும் தம்பியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மகனை அடையாளம் தெரிந்துவிட்டது, ஆனால் அந்த மகன்தான் அவள் கஞ்சியைக் குடித்து முடித்தவன். இதைவிடப் பெரிய தண்டனையை அவனுக்கு யாராலும் யோசித்திருக்க முடியாது.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா எழுந்தாள். அவனைப் பார்த்து, "யாரு சார்?" என்றாள். அவன் தலைமாட்டிலிருந்த கொம்பனை எடுத்து, தரையில் உட்கார்ந்து, அதன் காலை வாயில் வைத்தான். அடி விழுந்தது. திட்டு விழுந்தது. கிண்ணம் கேட்டாள். நீலப்பயலுக்கு ஒரு வாய் காட்டினாள்.

மகன் மூன்று கரண்டி வாங்கிக்கொண்டான். நாலாவது வந்தபோது முகத்தைத் திருப்பினான். யோசித்துச் செய்ததில்லை. இனி ஒரு வாய் தன் வயிற்றில் விழக் கூடாது என்ற ஒரே பயம்.

"வேணாம்."

"ஒரே வாய்டா, என் கண்ணுல்ல?"

"மாட்டேன்."

"போலீஸ்காரரைக் கூப்பிடவா?"

"கூப்பிடு."

அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், கொம்பன் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொன்னாள். அவன் உதட்டை மடித்துக்கொண்டான். கிண்ணத்தில் முக்கால்வாசிக் கஞ்சி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

"அத்தனையும் வீணாப் போகுது பாரு, கழுதை" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவனுக்கு நீட்டிய கரண்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் நின்ற அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அம்மா விழுங்கினாள். பிள்ளை மிச்சம் வைத்ததைக் கொட்ட மனம் வராமல் தானே வழித்துத் தின்கிற பழக்கம், பசியைவிட ஆழத்தில் எங்கோ இருந்தது. வியாதி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அடுத்த கரண்டியையும் திட்டிக்கொண்டே தின்றாள். அதற்கடுத்ததையும்.

நடுவில் ஒரு தடவை நின்றாள். அவன் முகத்தைப் பார்த்து மனம் இளகி, கரண்டியை மறுபடி அவன் வாயருகே கொண்டுவந்தாள். "இதை மட்டும் வாங்கிக்கடா. பசிக்குதுன்னு தெரியுது."

பசித்தது. இந்த நாள்களில் அவனும்தான் எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு, தலையை வேகமாக ஆட்டினான்.